வாசகர் கேள்வி: இருபது கிலோ கல்லும் வாங் பிங்யூவும்

போன இதழில் சீன கர்லிங் வீராங்கனை வாங் பிங்யூவின் படத்தைப் போட்டு நாலு வரிக் குறிப்பு எழுதியிருந்தோம். பனித்தளத்தில் கிரானைட் கல்லை வழுக்கிவிட்டு, 40 மீட்டர் போல் தள்ளியிருக்கிற வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிற ஆட்டம் என்பதோடு முடித்துக்கொண்டோம். மதுரைப் பக்கத்திலிருந்து இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பொதுவாகப் பயன்படுகிறவற்றுக்கு இங்கே பதில்.

வாசகி, திருமங்கலம்: ‘உலக சாம்பியன்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்களே. அவர் எங்கே பிறந்தார், என்னென்ன ஜெயித்தார், இப்போது அந்த இடத்தில் யார்?

1984-ல் ஹார்பினில் பிறந்தவர். சீனாவின் வடகிழக்கில், ரஷ்ய எல்லையை ஒட்டிய ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் தலைநகரம் அது. சீனாவுக்குக் கர்லிங் வந்ததே 1990-களின் நடுவில்தான். வந்து இறங்கிய ஊரும் ஹார்பின்தான். தேசிய அணியில் அந்த ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவே காரணம்.

வாங் பிங்யூ, லியூ யின், யூ சிங்ஷுவாங், ஜோ யான். இந்த நான்கு பேரையும் சேர்த்துத்தான் அவருடைய விளையாட்டு வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். 2005-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் நடந்த உலகப் போட்டியில் சீனப் பெண்கள் முதன்முறையாக ஆடினார்கள். 2008-ல் கனடாவின் வெர்னனில் இறுதி ஆட்டம் வரை வந்து, கனடாவின் ஜெனிபர் ஜோன்ஸ் அணியிடம் 4-7 என்று தோற்று வெள்ளி. அடுத்த வருடமே தென்கொரியாவின் கங்னுங்கில், ஒலிம்பிக் சாம்பியனாக இருந்த ஸ்வீடனின் அனெட் நோர்பெர்க் அணியை 8-6 என்று வென்று தங்கம். ஆசிய அணி ஒன்று உலகப் பட்டம் எடுத்தது அதுதான் முதல் தடவை. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் அரையிறுதியில் அதே ஸ்வீடனிடம் தோற்றார்கள். பிறகு சுவிட்சர்லாந்தை 12-6 என்று வென்று வெண்கலம் வாங்கினார்கள்.

ஊரில் பேசப்படுவது ஒலிம்பிக் வெண்கலம். எங்கள் கணக்கில் 2009 தங்கம்தான் பெரிது. உலகப் போட்டியில் மற்ற பதினோரு அணிகளோடும் ஒரு வாரத்துக்கு மேல் மோத வேண்டும். ஒருநாள் அதிர்ஷ்டம் அங்கே காப்பாற்றாது.

அந்த ஐந்து வருட ஏற்றத்துக்கு இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று, அணியைக் கலைக்கவில்லை. இரண்டு, வருடத்தில் பல மாதம் கனடாவின் எட்மன்டனில் தங்கி, அங்குள்ள கிளப் அணிகளோடு வாராவாரம் ஆடவிட்டார்கள். உள்ளூரில் ஆடினால் எதிரே வருகிறவர் என்ன செய்வார் என்று முன்பே தெரிந்துவிடும். கனடாவில் ஒவ்வொரு வாரமும் புது எதிரி, புதுப் பனி. வான்கூவரில் அவர்களுடைய பயிற்சியாளர் டான் ரபேலும் கனடாக்காரரே.

பிறகு 2014 சோச்சியிலும் 2018 பியோங்சாங்கிலும் அவரே தலைமை. இரண்டிலும் அரையிறுதிக்குப் போகவில்லை. இடையில் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தலைமை ஹான் யூ என்ற இளம்பெண்ணிடம் போனது. 2025-ல் தென்கொரியாவின் உய்ஜொங்புவில் வாங் ருய் தலைமையில் சீனா உலகப் போட்டி வெண்கலம் எடுத்தது. இந்த வாங் ருய் 2018 ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் ஆடியவர், 2022-ல் ஹான் யூவுக்கு அடுத்த இடத்தில் ஆடியவர். கர்லிங்கில் தலைமைக்கு வரும் பாதை பெரும்பாலும் இப்படித்தான் சுற்றிக்கொண்டு வரும்.

வாசகர், சிம்மக்கல்: ஸ்கிப் என்றால் கேப்டன். சரி. அவர் ஏன் மறுமுனையில் சும்மா நின்று துடைப்பத்தைக் காட்டுகிறார்? ஐந்தாவது ஆள் எதற்கு?

அந்தத் துடைப்பம்தான் குறி. கல் நேராகப் போகாது, வளைந்து வரும். எங்கே வந்து நிற்க வேண்டுமோ அந்த இடத்தைக் காட்டினால் ஆகாது. எத்தனை அடி வளையும் என்று கணக்குப் போட்டு, அவ்வளவு தள்ளி ஸ்கிப் துடைப்பத்தை ஊன்றுவார். விடுகிறவர் அந்தத் துடைப்பத்தை மட்டும் பார்த்து விடுவார். கணக்கு தப்பினால் விட்டவர் மேல் பழியில்லை, ஸ்கிப் மேல்தான்.

ஓர் அணியில் நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். லீட் முதலில் விடுவார், பிறகு செகண்ட், தேர்ட், கடைசியில் ஸ்கிப். இப்படி இரு அணியும் மாறி மாறி 16 கல் விட்டால் ஒரு சுற்று. ஆட்டத்துக்குப் பத்துச் சுற்று. சுற்றின் கடைசிக் கல் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு லாபம். புள்ளி எடுத்தால் அடுத்த சுற்றில் அது எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஒரு புள்ளிதான் கிடைக்கும் என்று தெரிந்தால், வேண்டுமென்றே எல்லாக் கல்லையும் வெளியே தட்டிவிட்டு, பூஜ்யத்தோடு சுற்றை முடித்து, கடைசிக் கல்லைத் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள். டிவியில் பார்க்கிறவர்களுக்கு அது கைதவறினது போலத் தெரியும்.

லீட் இடம் ஆரம்பக்காரருக்கு என்று நினைக்காதீர்கள். வட்டத்துக்கு முன்னால் காவல் கல்லை அங்குலக் கணக்கில் நிறுத்துவதும், மற்ற மூவர் விடும்போது முழு ஆட்டமும் துடைப்பதும் அவர் வேலை. வாங் பிங்யூ அணியில் ஜோ யான் அதைத்தான் செய்தார்.

ஐந்தாவது ஆள் மாற்று வீரர் மட்டுமில்லை. இரவில் ஆட்டம் முடிந்தபின் அணிகளுக்குக் கொஞ்ச நேரம் பனித்தளம் கொடுப்பார்கள். அப்போது மறுநாள் தங்களுக்கு ஒதுக்கிய கற்களை ஒவ்வொன்றாக விட்டுப் பார்ப்பார்கள். ஒரே மலைக் கல்லில் செய்திருந்தாலும் ஒன்று கொஞ்சம் வேகமாக ஓடும், ஒன்று கூடுதலாக வளையும். இணையான கற்களாக ஜோடி சேர்த்து, யார் எந்த எண் கல்லை விடுவது என்று எழுதிக்கொடுப்பதில் ஐந்தாம் ஆளுக்குப் பெரிய பங்கு. 2010-ல் அந்த இடத்தில் இருந்த லியூ ஜின்லி, 2018-லும் வாங் பிங்யூவோடு ஒலிம்பிக் போனார்.

வாசகர், மேலூர்: எங்கள் பக்கத்தில் கிரானைட்டுக்கா பஞ்சம்? ஒலிம்பிக் கல்லை இங்கேயே அறுத்துக் கொடுக்க முடியாதா?

பட்டறை, அறுவை, பாலீஷ் எல்லாம் உங்களிடம் இருக்கிறது. சிக்கல் கல்லின் சாதியில்.

அளவு முதலில்: எடை 17.24 கிலோவுக்குக் குறையக் கூடாது, 19.96 கிலோவைத் தாண்டக் கூடாது. சுற்றளவு அதிகபட்சம் 91.44 செ.மீ., உயரம் குறைந்தபட்சம் 11.43 செ.மீ. அடிப்பாகம் குழிவாக இருக்கும். பனியைத் தொடுவது சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வளையப் பட்டை மட்டும். இருபது கிலோ எடையும் அந்தப் பட்டையில்தான் இறங்குகிறது.

அந்தப் பட்டையில்தான் மேலூர்க் கல் தோற்கும். உங்கள் பக்கத்து வெள்ளைக் கற்களில் படிக மணி பெரிது, கார்னெட் என்ற சிவப்புக் கனிமப் புள்ளி இருக்கும், பட்டை பட்டையாக ஓடும். தரைக்கும் சமையல் மேடைக்கும் அந்த அழகுதான் விலை. பனியில் ஓட விட்டால், மணிக்கும் மணிக்கும் நடுவில் ஈரம் புகும், உறையும்போது விரியும், கொஞ்ச நாளில் பட்டையில் பொடி உதிர்ந்து குழி விழும். ஒரு குழி விழுந்த கல் நம்பிக்கைக்கு உதவாது. பெரிய மணியுள்ள கல் மோதினால் விளிம்பிலும் சில்லு பெயரும்.

ஒலிம்பிக் கல் வருவது ஸ்காட்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் உள்ள ஐல்சா கிரெய்க் என்ற ஆளில்லாத் தீவிலிருந்து. அங்கிருந்து இரண்டு வகையை எடுக்கிறார்கள். ‘புளூ ஹோன்’ மிக நுண்ணிய மணி, தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சாது, அடிப்பட்டைக்கு அது. ‘காமன் கிரீன்’ மோதலைத் தாங்கும், உடம்புக்கு அது. உடம்பைக் குடைந்து, புளூ ஹோன் வில்லையை அடியில் ஒட்டிப் பொருத்துகிறார்கள். தீவு பறவைகள் சரணாலயம் என்பதால் வெடி கிடையாது. தளர்ந்து கிடக்கும் பாறைகளை மட்டும் சில வருடங்களுக்கு ஒருமுறை எடுத்து வருவார்கள். வெடி இல்லாதது கல்லுக்கும் நல்லது. வெடித்து எடுத்த கல்லில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். அது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேல்ஸ் நாட்டின் டிரெஃபோர் கல்லும் கர்லிங்குக்குப் பயன்படுகிறது. இந்த இரண்டுக்கும் வெளியே வேறு கல் தேடுகிறவர் நுண்மணிக் கல்லாகத் தேட வேண்டும். வெள்ளைக் கல்லை விட்டுவிடுங்கள்.

உடற்கல்வி ஆசிரியர், உசிலம்பட்டி: கல் ஏன் வளைகிறது? விடும் முறையைப் படிப்படியாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு விளக்க வசதியாக இருக்கும்.

முதலில் வகுப்பில் ஒரு சோதனை. எவர்சில்வர் டம்ளரை வழவழப்பான மேசையில் கவிழ்த்து, வலஞ்சுழியாகச் சுழற்றி முன்னே தள்ளுங்கள். இடது பக்கம் வளையும். கர்லிங் கல்லை வலஞ்சுழியாக விட்டால் வலது பக்கம் வளையும்! டம்ளருக்குக் காரணம் சுலபம்: முன்பக்கம் எடை சாய்வதால் அங்கே உராய்வு அதிகம். கல் ஏன் தலைகீழாக நடக்கிறது என்பதில் இயற்பியலாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. முன்விளிம்பு பனியில் கீறுகிற கோடுகளைப் பின்விளிம்பு பிடித்துக்கொண்டு போகிறது என்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் எழுதினார்கள். மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

பனி கண்ணாடி போல் இருக்காது என்பதையும் சொல்லுங்கள். வயலில் மருந்தடிக்கிறவர் மாதிரி முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு பனிக்காரர் பின்னோக்கி நடந்தபடி தண்ணீர்த் துளி தெளிப்பார். துளிகள் விழுந்த இடத்திலேயே உறைந்து சிறு மொட்டுகளாக நிற்கும். கல் ஓடுவது அந்த மொட்டுகளின் தலையில். அவை இல்லாவிட்டால் கல் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

இனி விடும் முறை, வலது கைக்காரருக்கு. வலது காலை ரப்பர் மிதியில் வைத்து உட்காருங்கள். இடது காலணியின் அடியில் டெஃப்லான் தகடு, அதுதான் வழுக்கும். வலது கையில் கல்லின் பிடி, இடது கையில் துடைப்பம், அது சமநிலைக்கு. இடுப்பை உயர்த்தி, கல்லைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, இடது காலையும் பின்னே கொண்டுபோங்கள். முதலில் கல் முன்னே நகரட்டும், அதன் பின்னால் இடது கால், கடைசியில் வலது கால் உதைப்பு. இந்த வரிசை மாறினால் கால் கல்லை முந்தி, உடம்பு பக்கவாட்டில் விலகும். வேகம் முழுக்கக் காலின் உதைப்பிலிருந்து வர வேண்டும். கல்லைக் கையால் தூக்குவதே இல்லை. பிடியைக் கடிகாரத்தின் 10 மணித் திசையில் வைத்துக்கொண்டு வழுக்கி, விடும்போது 12-க்குத் திருப்பினால் வலஞ்சுழி. 2-லிருந்து 12-க்குத் திருப்பினால் இடஞ்சுழி. மறுமுனை போய்ச் சேர்வதற்குள் கல் இரண்டரை முதல் நான்கு சுற்றுக்குள் சுழல வேண்டும்.

கெடும் இடங்களும் இதிலேயே இருக்கின்றன. கடைசி நொடியில் கையால் ஒரு தள்ளு கொடுத்தால் வேகமும் கெடும், திசையும் கெடும். புதியவர்களிடம் முதலில் திருத்த வேண்டியது இதுதான். சுழற்சி போதாமல் விட்டால் கல் நடுவழியில் சுழற்சியை இழந்து எந்தப் பக்கமும் போகும். அதிகமாகச் சுழற்றினால் வளையாமல் நேராக ஓடும். உடம்பெடையைக் கல்லின் மேல் சாய்த்தால், கையை எடுத்ததும் ஆள் குப்புற விழுவார். விடுகிற பக்கத்தில் தளத்தின் குறுக்கே போட்டிருக்கும் கிட்டக்கோட்டைத் தாண்டுமுன் கையை எடுத்தாக வேண்டும். பெரிய போட்டிகளில் பிடிக்குள் சென்சார் உண்டு, தாமதமானால் சிவப்பு விளக்கு எரியும், அந்தக் கல் போச்சு.

வாசகி, வாடிப்பட்டி: அவ்வளவு தூரம் பெருக்கிக்கொண்டே ஓடுகிறார்களே, அதனால் ஏதாவது ஆகிறதா, இல்லை சும்மா பாவ்லாவா?

பாவ்லா இல்லை. துடைப்பத் தலையைப் பனியில் அழுத்தித் தேய்க்கும்போது மேல்பரப்பு மிக லேசாகச் சூடாகி உராய்வு குறைகிறது. நன்றாகத் துடைத்தால் கல் மூன்று நான்கு மீட்டர் கூடுதலாகப் போகும், வளைவும் குறையும். வட்டத்தின் ஆரமே 1.83 மீட்டர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் முக்கியம், அதற்காக உடம்பெடையைத் துடைப்பக் கம்பின் மேல் போட்டு, கால்விரலில் நின்றபடி ஓடுவார்கள். இருபதுக்கு மேற்பட்ட விநாடி அப்படி ஓடினால் மூச்சு வாங்கும். சீன அணிகளின் உடற்பயிற்சி அட்டவணையில் எடைதூக்குதல் இருப்பது இதற்காகத்தான்.

2015-ல் சில துடைப்பத் துணிகள் பனியைக் கீறி, கல்லை வேண்டிய பக்கம் திருப்புமளவுக்குப் போனதால் பெரிய சண்டை வந்தது. 2016-லிருந்து எல்லோருக்கும் ஒரே அங்கீகரிக்கப்பட்ட துணிதான். துடைப்பம் கல்லில் பட்டுவிட்டால் நடுவர் பார்க்காவிட்டாலும் பட்டவரே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று: ஒரே ஒரு தலைமுடி கல்லின் அடிப்பட்டையில் மாட்டினால் போதும், கல் திடீரென்று திரும்பி வேறு பக்கம் போய் நிற்கும். அதனால்தான் விடுமுன் கல்லைக் கவிழ்த்து அடிப்பட்டையை உள்ளங்கையால் துடைக்கிறார்கள்.

வாசகர், ஆரப்பாளையம்: சீனாவில் இதற்குச் சம்பளம் உண்டா? யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

உண்டு. மாகாண விளையாட்டுத் துறையில் பதிவு பெற்றவர்கள் முழுநேர வீரர்கள். விளையாட்டுப் பள்ளி, மாகாண அணி, பிறகு தேசியப் பயிற்சிக் குழு. நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் தேசியக் குளிர்கால விளையாட்டில் மாகாணத்துக்காக ஆட வேண்டும். 2024-ல் அது உள்மங்கோலியாவில் நடந்தது. கனடாவில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுகிறவர்கள், தங்கள் அணியைத் தாங்களே அமைத்துக்கொள்கிறவர்கள். சீனாவில் அணியை அதிகாரிகளும் பயிற்சியாளரும் அமைக்கிறார்கள். சம்பளக் கவலை இல்லை. ஆனால் யாரோடு ஆடுவது என்பது உங்கள் கையில் இல்லை. வருடாவருடம் ஆளை மாற்றிப் பார்க்கும் பழக்கம்தான் 2010-க்குப் பிறகு அவர்களைப் பின்னுக்கு இழுத்தது என்பது எங்கள் எண்ணம்.

2022 ஒலிம்பிக்கை முன்வைத்து, வேறு விளையாட்டுகளில் இருந்தவர்களையும் குளிர்கால ஆட்டங்களுக்கு இழுத்தார்கள். ஆனாலும் கர்லிங்கில் அனுபவத்துக்கு மாற்று கிடையாது. 2014-ல் நான்காம் இடம் பிடித்த ஆண்கள் அணியில் இருந்த ஷூ ஷியாவ்மிங், 2025 உலகப் போட்டியில் ஸ்கிப்பாக வந்து மறுபடி நான்காம் இடம் வரை கொண்டுபோனார்.

மாற்றுத்திறனாளி வாசகர், ஆனையூர்: சக்கர நாற்காலியில் ஆட முடியுமா?

முடியும், சீனாவின் பெரிய வெற்றிகளில் ஒன்றே அதில்தான். 2018 பியோங்சாங் பாராலிம்பிக்கில் வாங் ஹாய்தாவ் தலைமையிலான அணி நார்வேயை 6-5 என்று வென்றது. குளிர்காலப் பாராலிம்பிக்கில் சீனாவுக்கு அதுதான் முதல் பதக்கம். 2022-லும் தங்கம். இந்த வகையில் துடைப்பதே கிடையாது, விட்டால் விட்டதுதான். நீளக் கோலின் நுனியைக் கல்லின் பிடியில் மாட்டித் தள்ளுவார்கள். தள்ளும்போது நாற்காலி பின்னுக்கு நகராமல் இருக்க, சக வீரர் ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வார்.

வாசகி, கோரிப்பாளையம்: என் மகள் எட்டாம் வகுப்பு. இதைப் பார்த்ததிலிருந்து ‘நானும் ஆடணும்’ என்கிறாள். மதுரையில் வழியுண்டா?

பனியில் இல்லை. நீளம் மட்டும் 45.72 மீட்டர் வேண்டும்; மேல்பரப்பு மைனஸ் 4, 5 டிகிரியில் நிலையாக இருக்க வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே வந்தால் பனிமேல் வெள்ளைப் படலம் கட்டி எல்லாக் கல்லும் திணறும். ஈரம் உறிஞ்சும் இயந்திரங்கள் இல்லாமல் நடக்காது. போர் தண்ணீரும் ஆகாது: உப்பு பனியில் ஒதுங்கி மேலே நிற்கும், மொட்டு பலவீனமாகும். உப்பு நீக்கிய தண்ணீர்தான். டேராடூனில் ஹிமாத்ரி பனி அரங்கம் இருக்கிறது, அது ஸ்கேட்டிங்குக்கானது. ஸ்கேட் கத்தி ஓடிய தளத்தில் கர்லிங் சரிவராது. பணமிருந்தால் எதுவும் முடியும் என்பதற்குப் பெய்ஜிங்கே சாட்சி: 2008-ல் நீச்சல் நடந்த குளத்தின் தண்ணீரை வடித்து, இரும்புச் சட்டமும் பலகையும் அடுக்கி, அதன்மேல் 2022-ல் கர்லிங் ஆடினார்கள்.

மகள் இப்போதே தொடங்கத் தரை கர்லிங் இருக்கிறது. கல்லின் அடியில் சிறு உருளைகள், மரத்தரையில் ஓடும். பாட்மிண்டன் கோர்ட்டின் 13.4 மீட்டர் நீளம் போதும். கல் வளையாது, துடைக்கவும் வேண்டாம். ஆனால் காவல் கல் வைப்பது, கடைசிக் கல்லைக் காப்பது, எதை வெளியே தட்டுவது என்கிற மூளை வேலை எல்லாம் அப்படியே இருக்கிறது. கூடவே தினம் ஒரு காலை முன்னே மடக்கி, மறுகாலைப் பின்னே நீட்டி, ஆழமாகத் தாழ்ந்த நிலையில் இரண்டு பக்கமும் முப்பது விநாடி நிற்கப் பழகட்டும், முன்முழங்கால் உள்ளே சாயாமல். சாய்ந்தால் பின்னால் பனியில் அதே கோணல் வரும்.

வெயில் நாடு என்று தயங்க வேண்டாம். 2025 ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் ஆண்கள் தங்கத்தை எடுத்தது பிலிப்பைன்ஸ். அவர்களில் பெரும்பாலோர் சுவிட்சர்லாந்தில் வளர்ந்து அங்கே ஆடப் பழகியவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வாசகர், அவனியாபுரம்: சுற்று பாக்கி இருக்கும்போதே கை குலுக்கிவிட்டுப் போகிறார்களே, ஏன்?

மீதிக் கற்களைக் கொண்டு எட்டிப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் ஒப்புக்கொள்கிறார்கள். பெரிய போட்டிகளில் குறைந்தது ஆறு சுற்றாவது ஆடிய பிறகுதான் அதற்கு இடம். கையை முதலில் நீட்ட வேண்டியது பின்தங்கிய அணி. முன்னிலையில் இருப்பவர் நீட்டினால் அது மட்டமான காரியம்.